எல்லாம் மூணு!

ரிப்போர்ட் கார்டு வரும் நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறை வரை என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. நியூஜெர்சியில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பது இந்த வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் தெரியும். "ஆன்ட்டி, பையனுக்கு எல்லாம் மூணு போட்டிருக்காங்க. நாலுக்கு மூணுன்னா எழுபத்தஞ்சு பர்சென்ட்தானே? டியூஷன் வைக்கணுமா?" கேட்கிறவர்கள் சாதாரணப் படிப்பு படித்தவர்கள் இல்லை. ஆனால் ரேங்க் கார்டில் அப்பாவிடம் கையெழுத்து வாங்க நடுங்கிக்கொண்டு நின்ற தலைமுறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒருசேர எழுதிவைக்கிறேன்.

1. ரிப்போர்ட் கார்டு கைக்கு வந்ததும் எண்களைப் பார்க்காதீர்கள். அடியிலோ கடைசிப் பக்கத்திலோ எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை முதலில் படியுங்கள். ஒரு பள்ளி மாவட்டத்தில் 1 முதல் 4 வரை. இன்னொன்றில் மூன்றே படிகள். வேறொன்றில் எண்ணே இல்லை, எழுத்துகள்தான். அமெரிக்காவில் இதை ஒழுங்குபடுத்தும் ஒரே அமைப்பு என்று எதுவும் கிடையாது. டாலஸில் இருக்கும் அண்ணன் மகளின் கார்டோடு உங்கள் பிள்ளையின் கார்டை ஒப்பிடவே முடியாது. பாடத் தரங்களே மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களுக்குப் பொதுவாக 2010-இல் வந்த காமன் கோர் பாடத் தரங்களை நியூஜெர்சி ஏற்று, பின்னால் சில திருத்தங்களோடு தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. டாலஸ் இருக்கும் டெக்சாஸும் வர்ஜீனியாவும் அவற்றை ஏற்கவே இல்லை.

2. மூன்றை எழுபத்தைந்தாக மாற்றாதீர்கள். கார்டின் ஒவ்வொரு வரியும் ஒரு கற்றல் இலக்கு. நான்கு படி உள்ள கார்டில் 3 என்றால், இந்த வகுப்புக்கென்று வைத்த அந்த இலக்கைப் பிள்ளை யார் உதவியும் இல்லாமல் எட்டிவிட்டான் என்று அர்த்தம். அவனிடம் பள்ளி எதிர்பார்ப்பது அவ்வளவுதான். 2 என்றால் வந்துகொண்டிருக்கிறான். 1 என்றால் அடிப்படை இன்னும் பிடிபடவில்லை, கூடுதல் உதவி வேண்டும். எல்லாம் மூன்று வாங்கிய பிள்ளைக்கு டியூஷன் தேவையில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

3. ஆனால் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். அந்த எண் எதை வைத்துப் போட்டது? வருடக் கடைசியில் எட்ட வேண்டிய இலக்கை வைத்தா, இதுவரை நடத்திய பாடத்தை வைத்தா? இரண்டு வழக்கமும் உண்டு; கார்டில் பல சமயம் தெளிவாகப் போட்டிருக்காது. மூன்றாம் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வருட முடிவுக்குள் ஒன்பதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடமாகத் தெரிய வேண்டும் என்பது இலக்கு. (பதினாறாம் வாய்ப்பாடு ஒப்பித்த தாத்தாக்கள் சிரிக்கலாம், இங்கே அவ்வளவுதான் கேட்கிறார்கள்.) நவம்பரில் வகுப்பு இரண்டாம், ஐந்தாம், பத்தாம் வாய்ப்பாட்டில் நிற்கலாம். வருடக் கடைசி இலக்கை வைத்துப் போடும் பள்ளியில் அப்போது வகுப்பு முழுக்க 2 வாங்கியிருக்கும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. நடத்திய பாடத்தை வைத்துப் போடும் பள்ளியில் அதே 2 வந்தால் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். எண் ஒன்றுதான், சொல்லும் செய்தி வேறு. இதைக் கார்டின் தலைப்பிலேயே ஒரு வரியில் அச்சடித்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். எத்தனையோ கூட்டங்களில் சொல்லிப் பார்த்தாயிற்று.

4. விடை சரியாக இருந்தும் 2 வருமா என்று கேட்பீர்கள். வரும். இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 43-இல் 27 போக எவ்வளவு என்று கேட்கிறேன். சட்டென்று ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, நாலை அடித்து மூன்றாக்கி, பக்கத்தில் கடன் வாங்கி, 16 என்று போட்டுவிடுகிறான். "ஏன் நாலை அடிச்சே?" "அம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க." அவ்வளவுதான் பதில். அடுத்த மேசைப் பெண் 43-இலிருந்து 20 எடுத்து 23 என்கிறாள். மூன்று எடுத்து 20, இன்னும் நாலு எடுத்து 16. மெதுவாகத்தான் வருகிறாள். ஆனால் ஒவ்வொரு அடியிலும் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நாம் கடன் வாங்கிக் கழிக்கும் முறையைத் தடுமாறாமல் போட வேண்டும் என்று காமன் கோர் எதிர்பார்ப்பது நான்காம் வகுப்பில்தான். இரண்டாம் வகுப்பில் கேட்பது, பத்துகளும் ஒன்றுகளும் எப்படிப் பிரிந்து சேர்கின்றன என்று புரிந்திருக்கிறதா, அதை எடுத்துச் சொல்ல முடிகிறதா என்பதை. எனவே கழித்தல் வரியில் அந்தப் பையனுக்கு 3, விளக்கும் வரியில் 2. ஆசிரியருக்குக் கணக்கு தெரியவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்னால் இந்த இரண்டு வரியையும் பிரித்துப் படியுங்கள். வீட்டில் கடன் வாங்கிச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றில்லை. வாங்கிய கடன் ஒரு பத்து என்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.

5. நான்கைத் துரத்தாதீர்கள். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியதால் மட்டும் 4 வராது. குமான் டியூஷன் தாள் கட்டுக்கட்டாகப் போட்டாலும் வராது. சில மாவட்டங்களில் 4 என்றால் சொல்லிக் கொடுத்ததைப் புதிய இடத்தில் தானாகவே பயன்படுத்துவது. வேறு சிலவற்றில் மேல் வகுப்புத் திறன். சில பள்ளிகளில் முதல் பருவத்தில் யாருக்குமே 4 போடுவதில்லை. என்னைக் கேட்டால் இந்த 4-ஐ எடுத்தே விடலாம். பெற்றோரை ஏங்க வைப்பதைத் தவிர அது செய்யும் வேலை குறைவு.

6. இங்கே சராசரி கிடையாது. செப்டம்பரில் நாற்பது, அக்டோபரில் அறுபது, நவம்பரில் தொண்ணூறு வாங்கிய பிள்ளைக்குப் பழைய முறையில் அறுபத்து மூன்று. இந்த முறையில் ஆசிரியர் பார்ப்பது இப்போது அவனுக்கு என்ன தெரியும் என்பதை. அரங்கேற்றத்தன்று ஆடுகிற பெண்ணுக்கு, முதல் மாதம் தட்டடவில் தடுமாறியதையும் கூட்டி வகுத்தா மதிப்பெண் போடுவோம்? நூற்றுக்கு இத்தனை என்ற பழைய கணக்கு துல்லியமாக இருந்தது என்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். வந்த மதிப்பெண்கள் 50 முதல் 97 வரை. அது மொழிப் பாடம், கணக்கில் அப்படி நடக்காது என்றார்கள் சிலர். அடுத்த ஆண்டு ஜியாமெட்ரி தாளைக் கொடுத்தபோது வித்தியாசம் இன்னும் விரிந்தது.

7. நம்மவர்கள் தாண்டிப் போகும் ஒரு பகுதி உண்டு: வேலைப் பழக்கம், பிறரோடு பழகுவது, உதவி கேட்பது. பாட எண்களோடு கலக்காமல் தனியாக வைத்திருப்பார்கள். அடுத்த வருட ஆசிரியை முதலில் படிப்பது அதைத்தான். இதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் கலந்து பேசுவது, மற்றவர் சொன்னதைத் தொடர்ந்து தன் கருத்தைச் சொல்வது, இவை இங்கே நடத்தைக்குள் வராது. ஆங்கிலப் பாடத்தின் ஒரு பகுதி அவை. பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதே என்று வளர்த்த பிள்ளைக்கு அந்த வரியில் 2 விழும். பிள்ளையைத் திட்டாதீர்கள். சாப்பாட்டு மேசையில் அவன் பேசும்போது நடுவில் புகாமல் முழுசாகக் கேளுங்கள். எதிர்க்கேள்வி கேட்க விடுங்கள். இரண்டே பருவத்தில் அந்த எண் மாறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

8. வீட்டில் தமிழ் பேசுவதாகச் சேர்க்கையின்போது எழுதியிருந்தால், பிள்ளையின் ஆங்கிலத்தைத் தனியாகச் சோதித்திருப்பார்கள். நியூஜெர்சி உட்படப் பல மாநிலங்களில் அது வைடா என்ற அமைப்பின் தேர்வு. 1 முதல் 6 வரை அளவு. அந்த 3 வேறு, ரிப்போர்ட் கார்டின் 3 வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, "இனிமே வீட்ல இங்கிலீஷ்தான்" என்று முடிவெடுக்கும் பெற்றோரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தமிழில் கதை சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் கதை சொல்வதும் எளிதாக வரும்.

9. ரேங்க் கேட்காதீர்கள். அப்படி ஒன்று இல்லை. அடுத்த வீட்டுப் பெண் எத்தனை வாங்கினாள் என்றும் ஆசிரியர் சொல்ல மாட்டார். மாணவர் விவரங்களைக் காக்க 1974-இலிருந்தே கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது.

10. ஒரே வரியில் அடுத்தடுத்து இரண்டு பருவம் 1 வந்தால், அல்லது 2 நகராமலே நின்றால், "வயசானா சரியாயிடும்" என்று இருக்காதீர்கள். முக்கியமாக வாசிப்பில். பள்ளிக்கு எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும், மின்னஞ்சல் நிற்கும். கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கும்படி எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பள்ளி மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். சோதித்தால் செலவு பள்ளியுடையது. ஊரில் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று இதைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் உண்டு. இரண்டாம் வகுப்பில் பிடித்திருக்க வேண்டியது ஐந்தாம் வகுப்பு வரை போய், பிள்ளை புத்தகத்தையே வெறுத்துவிடுகிறான். இந்த ஒன்றில் மட்டும் அவசரப்படுங்கள்.

11. மூன்றாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டை எந்தக் கல்லூரியும் கேட்பதில்லை. அவர்கள் பார்ப்பது ஒன்பதாம் வகுப்பிலிருந்து. நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் பெரும்பாலும் ஏ, பி, சி திரும்பி வந்துவிடும். கவலைப்பட அப்போது நிறைய நேரம் இருக்கிறது.

12. ஆசிரியர் சந்திப்பு பதினைந்து இருபது நிமிடம்தான். "எப்படிப் படிக்கிறான்?" என்று ஆரம்பித்தால், "அருமையான பிள்ளை" என்பதிலேயே அத்தனையும் போய்விடும். அமெரிக்க ஆசிரியர்கள் முகத்துக்கு நேரே கடுமையாகப் பேச மாட்டார்கள். துணையோடு நன்றாகச் செய்கிறான் என்றால் தனியாக இன்னும் வரவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். இரண்டு கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள். இந்த வரியில் 2 போட எந்த வேலையைப் பார்த்தீர்கள், அதைக் காட்ட முடியுமா? 3 ஆக அவன் அடுத்து எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்? காகிதத்தை நடுவில் வைத்துப் பேசினால் பேச்சு நேராகப் போகும். ஆங்கிலம் தடுமாறும் என்றால் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பள்ளிதான் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய குறையை எந்தப் பிள்ளை அப்படியே சொல்லும்?

அம்மாவை மட்டும் அனுப்பிவிட்டு மீட்டிங் இருக்கிறது என்று தப்பிக்காதீர்கள், தம்பிகளே. நேரம் பதிவு செய்யும் இணைப்பு வந்த அன்றே பதிந்துவிடுங்கள். மாலை நேரங்கள்தான் முதலில் தீர்ந்துபோகும்.