சிங்கப்பூர்க் கல்லில் நான்கு எழுத்துகள்

கல்வெட்டு என்றதும் நமக்குத் தஞ்சையும் மதுரையும் நினைவுக்கு வருகின்றன. ஆனால், சிராங்கூன் சாலையிலிருந்து சிறிது தொலைவிலேயே, சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் ஒரு கல்வெட்டுத் துண்டு உண்டு. அதுவே ‘சிங்கப்பூர்க் கல்’.

1819இல் சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் காடு திருத்தியபோது, ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் அகலமும் கொண்ட மணற்பாறை ஒன்று வெளிப்பட்டது. அதில் சுமார் 50 வரிகள் இருந்தன. 1843இல் கட்டுமானப் பணிக்காக அதை வெடிவைத்துத் தகர்த்தனர். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளை மீட்டார்; அவை கல்கத்தாவுக்குச் சென்றன. அவற்றுள் ஒன்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குத் திரும்பி வந்தது.

பாறை முழுதாய் இருந்தபோதே அதை எவரும் படிக்க இயலவில்லை. இந்தியர் அதை இந்து எழுத்து என்றதையும், சீனர் சீன எழுத்து என்றதையும் முன்ஷி அப்துல்லா தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

அது சாவகத்தின் பழைய ‘கவி’ எழுத்து என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 2019இல் இயன் சிங்கிளேர் என்ற ஆய்வாளர், துண்டில் ‘கேசரிவ’ எனும் நான்கு எழுத்துகளைப் படித்து, அவை ‘பரகேசரிவர்மன்’ என்ற சோழப் பட்டத்தின் பகுதியாகலாம் என்றார். 1025இல் கடாரம் வென்ற முதலாம் இராசேந்திரனின் பட்டமும் அதுவே.

இதைக் கேட்டதும் என் நண்பர்கள் சிலர், “அப்படியானால் இது சோழன் நட்ட கல்!” என்றனர். நானும் மகிழ்ந்தேன். எனினும், இரண்டு செய்திகளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவது, சோழர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். ‘கேசரிவ’ இரண்டிற்கும் பொருந்தும். இரண்டாவது, சுமத்திராவின் பாரூசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு தமிழிலேயே உள்ளது. இதுவோ கவி எழுத்து. ஆகவே, அந்த வாசிப்பு சரியென்றே கொண்டாலும், சோழன் பெயரை உள்ளூர் மன்னர் ஒருவரே பொறித்திருக்கலாம்.

இந்நாட்டில் நம் இருப்புக்கு இக்கல் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னோரின் உழைப்பே போதும். நான்கு எழுத்துகளின் மேல் கோட்டை கட்டுவதைவிட, நம் மாணவருள் இருவரேனும் கிரந்தமும் கவி எழுத்தும் கற்பது நன்று. அடுத்த வாசிப்பு அவர்களுடையதாக இருக்கட்டும்.