தோட்டத்து இளைஞரும் மோட்டார் சைக்கிள் காப்புறுதியும்

தீபகற்ப மலேசியாவில் 150 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு ஓராண்டுச் சாலை வரி 2 ரிங்கிட் மட்டுமே. ஒரு குவளைத் தேநீருக்கு நாம் கொடுக்கும் பணம் அது. ஆயினும், அந்த 2 ரிங்கிட்டைக் கட்ட இயலாமல், வரி காலாவதியான வண்டியிலேயே பிரட்டுக்கும் பட்டணத்துக்கும் போய்வரும் இளைஞர்கள் நம் தோட்டங்களில் இருக்கின்றனர். காரணம் வரியன்று; வரிக்கு முன்னால் நிற்கும் காப்புறுதியாகும். காப்புறுதி இல்லாத வாகனத்திற்குச் சாலைப் போக்குவரத்து இலாகா சாலை வரியைப் புதுப்பித்துத் தருவதில்லை. முதன்முதலாக வண்டி வாங்கிய 18, 19 வயது இளைஞர் முகவரிடம் விலை கேட்கிறார். சொல்லப்படும் தொகையைக் கேட்டு, அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுகிறார். அடுத்த சம்பளத்திற்கு வேறொரு செலவு காத்திருக்கிறது.

அந்த இளைஞருக்கும் அவர்தம் பெற்றோருக்குமாக இக்கட்டுரை எழுதப்படுகிறது. காப்புறுதிச் செலவில் குறைக்கக் கூடிய பகுதியும் உண்டு. யாராலும் குறைக்க முடியாத பகுதியும் உண்டு. குறைக்க முயன்றால் பின்னர் பெருந்தொகையாகத் திரும்பி வரும் பகுதியும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவதே முதல் வேலை.

சட்டம் கேட்பது என்ன?

1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி, மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் ஆபத்துக்கான காப்புறுதி இன்றி எவரும் சாலையில் வாகனத்தைச் செலுத்தலாகாது. பிறரைச் செலுத்த விடுவதும் குற்றமே. அபராதம், சிறை ஆகியவற்றோடு 12 மாதங்களுக்கு வாகனமோட்டும் தகுதியையும் இழக்க நேரிடும். தோட்டத்துச் செம்மண் பாதை தனியார் பாதைதானே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் வண்டி பெரிய சாலையைத் தொடும் முச்சந்தியோடு முடிந்துவிடுகிறது.

தண்டனையைக் காட்டிலும் அஞ்சத்தக்கது இழப்பீடு. ஓர் இளைஞரின் வண்டி மோதிச் சாலையோரம் நடந்து சென்ற ஒருவர் கால் இழந்தார் என்று வைத்துக்கொள்வோம். நீதிமன்றம் விதிக்கும் இழப்பீட்டைக் காப்புறுதி இருந்தால் நிறுவனம் செலுத்தும். இல்லையெனில் ஓட்டியவரே செலுத்தக் கடமைப்பட்டவர். காப்புறுதியற்ற வாகனத்தால் பாதிக்கப்பட்டோருக்கு உதவ வாகனக் காப்புறுதி நிறுவனங்களின் பணியகம் ஒன்று இயங்குகிறது என்பது உண்மையே. ஆனால் அது பாதிக்கப்பட்டவருக்கான ஏற்பாடு. மோதியவரின் கடனைத் தள்ளுபடி செய்யும் ஏற்பாடன்று.

எவ்வகைக் காப்புறுதி யாருக்கு?

சட்டம் கேட்கும் மிகக் குறைந்த பாதுகாப்பு, பிறருக்கு நேரும் மரணத்திற்கும் காயத்திற்கும் மட்டுமானது. வழக்கில் பெரும்பாலும் விற்கப்படுவன மூன்று. மூன்றாம் தரப்புக் காப்புறுதி பிறரின் உயிர், உடல், உடைமை ஆகியவற்றுக்கு நாம் விளைவிக்கும் சேதத்தை ஏற்கும். மூன்றாம் தரப்பு, தீ, திருட்டுக் காப்புறுதி அதனோடு நம் வண்டி எரிந்துபோவதையும் களவு போவதையும் சேர்த்துக்கொள்ளும். முழுமைக் காப்புறுதியோ விபத்தில் நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும்.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஓட்டுபவரின் முறிந்த கைக்கோ நொறுங்கிய வண்டிக்கோ ஒரு சென்னும் தராது. காப்புறுதி எடுத்திருக்கிறேனே, மருத்துவச் செலவு கிடைக்காதா என்று விபத்துக்குப் பின்னர் கேட்போர் பலர். பின்னிருக்கையில் அமர்ந்து வருபவருக்கான பொறுப்பையும் சட்டம் கட்டாயமாக்கவில்லை. தங்கையையோ நண்பரையோ ஏற்றிச் செல்பவர், அதனைத் தனியே சேர்க்க இயலுமா, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓட்டுபவரின் சொந்தக் காயத்திற்கு வேறொரு வழி இருக்கிறது. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டிற்கும் செல்லும் வழியில் நேரும் விபத்தும் வேலை தொடர்பான விபத்தாகக் கொள்ளப்படுகிறது. வழக்கமான பாதையில், சொந்தக் காரியமாக இடையில் வேறிடம் திரும்பாமல் சென்றிருக்க வேண்டும். எனவே, குத்தகைக்காரரிடம் வேலை செய்யும் இளைஞர்கள் தம் பெயரில் சொக்சோ சந்தா மாதந்தோறும் செலுத்தப்படுகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்வது, காப்புறுதிக் கட்டணத்தில் சில ரிங்கிட்டை மிச்சப்படுத்துவதைவிடப் பெரிய லாபமாகும்.

பேரம் எங்கே பலிக்கும்?

வாகனக் காப்புறுதிக் கட்டணங்கள் நெடுங்காலம் ஒரே அட்டவணைப்படி எல்லா நிறுவனங்களிலும் சமமாக இருந்தன. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் முழுமைக் காப்புறுதிக்கும் மூன்றாம் தரப்பு, தீ, திருட்டுக் காப்புறுதிக்கும் அந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஓட்டுபவரின் வயது, வண்டியின் வகை, அது திருடப்படும் வாய்ப்பு, புழங்கும் இடம் முதலியவற்றைப் பார்த்து ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைச் சொல்லலாம். இளைஞரை ஒரு நிறுவனம் மிகுந்த ஆபத்துடையவராகக் கருதலாம். மற்றொன்று அவ்வளவு கடுமை காட்டாதிருக்கலாம். ஆதலின் இவ்விரு வகைகளுக்கும் குறைந்தது மூன்று நிறுவனங்களிலாவது விலை கேட்காமல் பணம் கட்டுவது வீண். தக்காஃபுல் நிறுவனங்களையும் விட்டுவிட வேண்டாம். அவற்றில் எம்மதத்தவரும் சேரலாம்.

வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியின் கட்டணமோ அட்டவணைக்கு உட்பட்டதாகவே நீடித்தது. இதற்காகக் கடை கடையாக அலைந்து பயனில்லை. ஒரு முகவர் மிகவும் மலிவாகவோ மிகவும் அதிகமாகவோ சொன்னால், வித்தியாசம் எதற்கென்று கேட்க வேண்டும். புதுப்பித்துத் தரும் கூலி, வேண்டாத தனிநபர் விபத்துக் காப்புறுதி போன்றவை ரசீதில் ஒன்றாகச் சேர்க்கப்படுவதுண்டு. கட்டணம், 8 விழுக்காட்டுச் சேவை வரி, 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வை, இவற்றுக்கு மேலுள்ள ஒவ்வொரு தொகைக்கும் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது வண்டியின் மதிப்பைப் பொறுத்தது. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய பழைய வண்டிக்கு முழுமைக் காப்புறுதி எடுப்பது, ஒட்டுப்போட்ட சட்டைக்குப் பட்டு உறை தைப்பது போன்றது. அதற்கு மூன்றாம் தரப்பே போதும். திருட்டு மிகுந்த பட்டணத்தில் இரவில் நிறுத்துபவர் தீ, திருட்டு வகையை எண்ணிப் பார்க்கலாம். தவணை முறையில் வாங்கிய புது வண்டியின் நிலை வேறு. வண்டி களவு போனாலும் தவணைக்கடன் களவு போவதில்லை. இல்லாத வண்டிக்கு மாதாமாதம் பணம் கட்டும் துன்பத்தை நினைத்தால், கடன் தீரும்வரை கூடுதல் கட்டணத்தைப் பொறுத்துக்கொள்வதே நலம்.

சொந்தப் பெயரில் சேரும் கழிவு

இளைஞர் நீண்டகாலப் பயன் பெறக்கூடிய இடம், என்.சி.டி. எனப்படும் கழிவுத் தொகையே. ஓராண்டு முழுவதும் இழப்பீட்டுக் கோரிக்கை ஏதும் எழாவிடின், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் கட்டணத்தில் 15 விழுக்காடு குறைக்கப்படும். இரண்டாண்டுகளுக்கு 20 விழுக்காடு. மூன்றாண்டும் அதற்கு மேலும் 25 விழுக்காடு.

கணக்கிட எளிதாக, அடிப்படைக் கட்டணம் 100 ரிங்கிட் என்று கொள்வோம். கழிவில்லாதவர் சேவை வரி 8, முத்திரை 10 சேர்த்து 118 ரிங்கிட் செலுத்துவார். 15 விழுக்காட்டுக் கழிவு பெற்றவருக்கு அது 101 ரிங்கிட் 80 சென். 25 விழுக்காடு பெற்றவருக்கு 91 ரிங்கிட். வித்தியாசம் 27 ரிங்கிட். அடிப்படைக் கட்டணம் உயர்ந்த வண்டிக்கு வித்தியாசமும் உயரும்.

இந்தக் கழிவு வண்டிக்கு உரியதன்று. காப்புறுதி எடுத்தவருக்கு உரியது. நம் தோட்டங்களில் மகன் ஓட்டும் வண்டி தந்தையின் பெயரிலேயே இருப்பது வழக்கம். இரு சக்கர வாகனத்திற்கான பி2 உரிமத்தை 16 வயதிலேயே பெறலாம். அந்த வயதில் வண்டியைப் பெற்றோர் பெயரில் பதிவதில் குற்றமில்லை. ஆனால் மகன் 23 வயதில் தன் பெயரில் வண்டி வாங்கும்போது, இத்தனை ஆண்டுகளும் விபத்தின்றி ஓட்டிய நற்பெயர் தந்தையின் கணக்கில் இருக்கும். மகன் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். வேலைக்குச் சேர்ந்து சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கியவுடன் பெயரை மாற்றிக்கொள்வது, முதலாண்டில் சற்றுக் கூடுதலாகத் தோன்றினாலும், பின்னர் நன்மை தரும். காப்புறுதி இன்றிக் கழித்த ஆண்டு கழிவுக்குரிய ஆண்டாகக் கணக்கிடப்படாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கோரிக்கை ஒன்று எழுந்தால் கழிவு பூஜ்யத்திற்கு இறங்கிவிடும். ஆகவே முழுமைக் காப்புறுதி உடையவர் சிறு சேதத்திற்கும் கோரிக்கை வைப்பது புத்திசாலித்தனமன்று. அடிப்படைக் கட்டணம் 300 ரிங்கிட், கழிவு 25 விழுக்காடு என்றால், ஒரு கோரிக்கையால் அடுத்த மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 130 ரிங்கிட் கூடுதலாகச் செலவாகும். 80 ரிங்கிட்டில் பட்டறையில் சரிசெய்யக்கூடிய உடைசலுக்கு இந்த விலை தேவையா என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

மலிவு என்று எண்ணி ஏமாறும் இடங்கள்

கிராண்டை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் பழைய வண்டியை ஓட்டுவது முதலாவது. காப்புறுதி வண்டியோடு ஒட்டிக்கொண்டு வருவதன்று. விற்றவரின் பெயரிலுள்ள பத்திரம் வாங்கியவருக்குப் பாதுகாப்பாகாது. விற்றவருக்கும் இது தொல்லையே. இலாகாவின் பதிவில் அவர் பெயர் இருக்கும்வரை, அபராதக் கடிதங்கள் அவர் வீட்டுக் கதவையே தட்டும்.

இரண்டாவது, யார் ஓட்டலாம் என்ற பகுதி. சில பத்திரங்கள் பெயர் குறிப்பிட்ட ஓட்டுநரை மட்டும் ஏற்கும். ஒரே வண்டியை அண்ணன், தம்பி, மைத்துனர் எல்லாரும் எடுத்துச் செல்லும் வீடுகளில், எல்லா ஓட்டுநரையும் சேர்க்கும் கூடுதல் கட்டணத்தைச் செலுத்துவதே முறை. எவர் ஓட்டினாலும் அவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். உரிமமே இல்லாதவர் விபத்துக்குள்ளானால், நிறுவனம் அவர் வண்டிக்கான இழப்பீட்டை மறுக்கலாம். பிறருக்குச் செலுத்திய பணத்தை அவரிடமே திரும்பக் கேட்கவும் கூடும்.

மூன்றாவது, வண்டியின் பயன். வேலை முடிந்த மாலை நேரங்களில் உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்த்துச் சம்பாதிக்கும் இளைஞர்கள் இன்று பலர். சொந்தப் பயனுக்கென்று எடுத்த காப்புறுதி, கூலிக்குப் பொருள் ஏற்றும் வேலையை ஏற்காமல் போகலாம். இதனை மறைத்தால் சில ரிங்கிட் மிஞ்சும். விபத்து நேரும் மாலையில் பத்திரமே பயனற்றதாகிவிடும். இயந்திரத்தின் கொள்ளளவைப் பெருக்கி மாற்றியமைத்த வண்டிக்கும் இஃது ஒக்கும். நிறுவனம் கேட்கும் வினாக்களுக்கு உண்மையாக விடை தருவது 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டம் விதிக்கும் கடமையாகும்.

கைப்பேசி விளம்பரங்களில் பாதி விலைக்குக் காப்புறுதி தருவதாகச் சொல்வோரிடம் எச்சரிக்கை வேண்டும். பணத்தைத் தனிநபரின் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னால் அப்போதே விலகிக்கொள்ளுங்கள். கவர் நோட்டு கைக்கு வந்ததும், அதிலுள்ள எண்ணை நிறுவனத்திற்கே தொலைபேசியில் சொல்லிச் சரிபார்க்கலாம். 2023 பிப்ரவரி முதல் தனியார் மோட்டார் சைக்கிள்களில் சாலை வரி வில்லையை ஒட்டி வைக்க வேண்டியதில்லை. இலாகாவின் பதிவைக் கொண்டே அதிகாரிகள் பார்த்துக்கொள்கின்றனர். வில்லை இல்லாததால் யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் பிழையானது.

எந்த நிறுவனமும் ஏற்க மறுத்தால் அதனோடு முயற்சியைக் கைவிட வேண்டாம். காப்புறுதி கிடைக்காத வாகனங்களுக்கென 1992இல் மலேசிய வாகனக் காப்புறுதிக் கூட்டுநிதி ஏற்படுத்தப்பட்டது. அதன் கட்டணம் சற்று அதிகமாக இருக்கக்கூடும். ஆனால் காப்புறுதியற்ற வண்டியை ஓட்டுவதற்கு அது மேல். முகவரிடம் இதுபற்றிக் கேளுங்கள்.

விபத்து நேர்ந்தால் வண்டியை நிறுத்தி, காயமுற்றவருக்கு உதவி, மறுதரப்பின் வண்டி எண்ணையும் பெயரையும் குறித்துக்கொண்டு, 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் உடனே தெரிவிக்க வேண்டும். அதன் சம்மதமின்றி, தவறு என்னுடையதே, பணம் தருகிறேன் என்று எழுதிக் கையொப்பமிடலாகாது. வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்ததாயின் தோட்ட அலுவலகத்திலும் அன்றே சொல்லி, சொக்சோவுக்கு அறிவிக்கச் செய்ய வேண்டும். கிராண்டு, உரிமம், கவர் நோட்டு ஆகியவற்றின் நகல்களை வண்டியிலன்றி வீட்டிலும் ஒரு பிரதி வைத்திருப்பது நல்லது. நிறுவனம் நியாயமின்றி இழப்பீட்டை மறுப்பதாகக் கருதினால், முதலில் அந்நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். விடை திருப்தி தராவிடில் பேங்க் நெகாராவை அணுகலாம்.