பழைய கணனியைத் திருத்துவதா, புதியதை வாங்குவதா?

கமக்கார அமைப்புகளும் மாதர் சங்கங்களும் கணனி ஒன்று வாங்குவது பற்றிக் கூடிப் பேசும்போது சபை இரண்டாகப் பிரிந்து விடுவதுண்டு. பழையதொன்றைக் குறைந்த விலையில் எடுத்து, வேண்டிய பாகங்களைப் போட்டுத் திருத்தினால் போதும் என்பார் ஒரு சாரார். கொடுப்பதைக் கொடுத்துப் புதியதாகவே வாங்குவோம் என்பார் மறு சாரார். சிறுகச் சிறுகச் சேர்த்த சங்கப் பணம் என்பதால் இரு சாராரின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. இப்பாடத்தில் அந்தக் கேள்வியைச் சற்று ஆறுதலாக ஆராய்வோம்.

பழையதைத் திருத்திப் பாவிப்பதை எமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்று, பெற்றோலும் பற்றறியும் தடைசெய்யப்பட்ட காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். ஒஸ்ரின் ஏ40 கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இங்கிலாந்தில் காட்சிச்சாலைக்குப் போய்விட்ட அந்தக் கார்கள் எமது வீதிகளில் நோயாளரையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன. ஆகவே பழையது என்ற சொல்லைக் கேட்டு நாம் முகம் சுளிப்பதில்லை. ஆனால் காருக்குப் பொருந்திய நியாயம் கணனிக்கும் அப்படியே பொருந்துமா என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

கொழும்பிலிருந்து வரும் பாவித்த கணனிகளுள் ‘வேர்க்ஸ்ரேசன்’ எனப்படும் பாரிய பெட்டிகளும் உள்ளன. கட்டடப் படம் வரைவோருக்கும் திரைப்படம் தொகுப்போருக்குமென்று செய்யப்பட்டவை இவை. 2009 இல் வெளிவந்த டெல் பிறிசிஷன் ரி3500, 2012 இல் வந்த எச்பி இசட்420 ஆகியவை உதாரணங்கள். தடித்த தகடு, பலமான மின்வழங்கி, நினைவகம் கூட்டுவதற்குத் தாராளமான இடம் என்று உறுதியாகவே கட்டியிருக்கிறார்கள். வந்த காலத்தில் சாதாரண கணனியைவிட விலை மிகக் கூடியவை. இன்று அவற்றைச் சிறு தொகைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஆசை வருவது இயல்பே. 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபாவளவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவளவுக்கு ஏறியதன் பின்னர், புதிய பொருளின் விலையைக் கேட்கவே பலருக்குத் தயக்கம்.

திருத்தினால் பலன் உண்டா? உண்டு. பழைய கணனி மந்தமாக இயங்குவதற்குப் பெரும்பாலும் அதன் மூளை காரணமல்ல. சுழலும் வன்தட்டுத்தான் காரணம். அதைக் கழற்றி, சுழலும் பாகமெதுவுமற்ற எஸ்எஸ்டி தட்டு ஒன்றைப் போட்டால், நிமிடக்கணக்கில் விழித்துக்கொண்ட கணனி சில விநாடிகளில் தயாராகும். நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினால் கணக்குப் பதிவுக்கும் கடிதம் தட்டுவதற்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் தாராளம். நினைவகம் வாங்கப் போகும்போது பழைய துண்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோங்கள். வேர்க்ஸ்ரேசன்களுக்குரிய நினைவகம் சில வேளை வேறு வகையாக இருக்கும். தோற்றத்தில் ஒன்றுபோலிருந்தும் இயங்காது. திகதியும் நேரமும் அடிக்கடி பிழைத்தால் உள்ளேயிருக்கும் நாணயம் போன்ற சிறு பற்றறியை மாற்றினால் போதும். அதற்காகப் பெட்டியையே கழிக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். வலிகாமத்துச் செம்மண் தூசியையும் உள்ளே குடியேறும் எறும்பையும் பல்லியையும் ஆண்டுக்கு இரு தடவை துப்புரவாக்குவது புதியதற்கும் பழையதற்கும் பொது.

இனிச் செலவுப் பக்கம். நீரிறைக்கும் இயந்திரம் வாங்கும்போது விலையை மட்டுமா கேட்கிறோம்? மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்றுதான் முதலில் கேட்கிறோம். கணனிக்கும் அதே கேள்வி உண்டு. மேற்சொன்ன இரு வேர்க்ஸ்ரேசன்களிலும் பொதுவாகக் காணப்படும் சியோன் மூளைகள் முழு வேலையில் 130 வாற் அளவு வெப்பத்தை வெளிவிடக்கூடியவை. 2018 இல் வந்த டெல் ஒப்ரிபிளெக்ஸ் 3060 போன்ற அலுவலகக் கணனியிலுள்ள ஐ5-8500 மூளைக்கு அந்த அளவு 65 வாற். பெட்டி முழுவதையும் சேர்த்து, சாதாரண வேலையில் பழையது 100 வாற், புதியது 25 வாற் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 6 மணித்தியாலம், மாதத்துக்கு 25 நாள் என்றால் 150 மணித்தியாலம். பழையதற்கு 15 அலகு. புதியதற்கு 4 அலகுக்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் மாதத்துக்கு 11 அலகு சொச்சம். ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 675 அலகு. ஒரு பேச்சுக்கு அலகொன்று 40 ரூபா என்று பிடித்தால் 27,000 ரூபா. உங்கள் மின்பட்டியலிலுள்ள விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். மலிவாக வந்த பெட்டி அவ்வளவு மலிவல்ல என்பது அப்போது தெரியும்.

ஆனால் எமது பார்வையில் மின்கட்டணம் இரண்டாவது விடயம். முதலாவது வேறு.

ஏ40 காரின் ஆயுளைத் தீர்மானித்தது அதன் இரும்பும் எமது மெக்கானிக்கின் கையும்தான். கணனியின் ஆயுளை எங்கோ தொலைவிலுள்ள நிறுவனம் குறிக்கும் ஒரு திகதியும் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10 இற்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14 உடன் நின்றன. பதிவுசெய்த வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீடிப்புக் கொடுக்கப்பட்டது. அடுத்ததான விண்டோஸ் 11, ரிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்கிறது; இன்ரெல் மூளையாயின், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்கிறது. 2009 இனதும் 2012 இனதும் வேர்க்ஸ்ரேசன்கள் இந்தப் பட்டியலில் இல்லை. எவ்வளவு நினைவகம் கூட்டினாலும், எவ்வளவு வேகமான தட்டுப் போட்டாலும் பட்டியலில் ஏறமாட்டா. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் திருத்தங்கள் தொடர்ந்து வருமென்ற உத்தரவாதத்தை நிறுவனம் கொடுப்பதில்லை.

திருத்தம் வராவிட்டால் என்ன என்று கேட்கலாம். கணனியில் நாம் எதை வைக்கப் போகிறோம் என்பதில்தான் அதற்கு விடை இருக்கிறது. 1990 யூனில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியபோதும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோதும் காணி உறுதிகளை எடுத்துவர முடியாது போனவர்கள் எம்மிடையே பலர். பின்னர் அலைந்து பெற்ற பிரதிகள், நிலஅளவைப் படங்கள், கிராம அலுவலரின் கடிதங்கள் ஆகியவற்றைத்தான் சங்கங்கள் கணனியில் சேர்த்து வைக்க விரும்புகின்றன. அதே கணனியில் வங்கிக் கணக்கும் பார்க்கப்படும்; அங்கத்தவரின் அடையாள அட்டை இலக்கங்களும் இருக்கும். இணையத்தினூடாக வரும் ஒரு நச்சுநிரல் அவ்வளவையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கக்கூடும். உறுதியை இன்னொரு தடவை இழக்க எவருக்கும் மனமில்லை.

ஆகவே எமது அபிப்பிராயம் இது. ஆவணங்களும் வங்கி அலுவலும் இணையமும் ஒன்றாகச் சேரும் கணனியாயின், பழைய வேர்க்ஸ்ரேசனைத் திருத்துவதில் சங்கப் பணத்தைப் போட வேண்டாம். அதற்காகக் கடையில் மின்னும் புத்தம்புதியதையும் தேட வேண்டியதில்லை. எட்டாவது தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பாவித்த அலுவலகக் கணனி ஒன்று, எஸ்எஸ்டி தட்டுடன், எழுத்தில் உத்தரவாதத்துடன் கிடைத்தால் அதுவே பொருத்தம். மிஞ்சும் பணத்தை யூபிஎஸ் ஒன்றுக்கும் வெளித்தட்டு இரண்டுக்கும் செலவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதத்து இடிமின்னலுக்கு முன்னால் எந்தத் தலைமுறையும் ஒன்றுதான். வானம் இருண்டால் செருகியைக் கழற்றிவிடுவது நல்லது.

உறவினர் அன்பளிப்பாக அனுப்பிய வேர்க்ஸ்ரேசன் ஏற்கெனவே கையிலிருந்தால் அதை எறியச் சொல்லவில்லை. எஸ்எஸ்டி தட்டுப் போட்டு, கட்டணமில்லாத லினக்ஸ் முறைமையை ஏற்றி, வாசிகசாலையில் பிள்ளைகளுக்கு விடுங்கள். உபுண்டு 24.04 பதிப்புக்கு 2029 வரை இலவசத் திருத்தங்கள் அறிவிக்கப்பட்டுள்ளன. லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் கடிதமும் கணக்கும் தமிழிலேயே செய்யலாம். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கடிதங்களைத் திறக்க அந்த எழுத்துருவையும் பிரதி செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் திரையில் கிறுக்கல்தான் தெரியும். சங்கம் பாவிக்கும் கணக்கு மென்பொருள் லினக்ஸில் இயங்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

வாங்கப் போகும்போது கணனி தெரிந்த இளைஞர் ஒருவரையும் சங்கப் பொருளாளரையும் சேர்த்து அனுப்புவது புத்தி. மூளையின் பெயரைத் திரையிலேயே பார்க்க வேண்டும்; பெட்டியில் ஒட்டியிருக்கும் ஒட்டியை நம்பக்கூடாது. ஒரு மணித்தியாலமாவது ஓடவிட்டு, சூட்டையும் காற்றாடியின் சத்தத்தையும் கவனிக்கட்டும். பற்றுச்சீட்டுச் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

வெளித்தட்டுகளில் ஒன்றை மாதமொரு முறை நிரப்பி, வேறொரு கிராமத்தில், நம்பிக்கையான வீட்டில் வையுங்கள். மற்றது சங்க அலுமாரியில், கணனியிலிருந்து கழற்றியபடி இருக்க வேண்டும். பழைய பெட்டியிலிருந்து கழற்றிய வன்தட்டில் ஆவணங்கள் இருந்தால் அதைக் கடைக்காரரிடம் விட்டுவர வேண்டாம். பெயரும் திகதியும் எழுதி ஒட்டி அதே அலுமாரியில் பூட்டி வையுங்கள்.