அத்திவாரத்திற்கு முன்னரே ஒலியைக் கவனிப்போம்

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் பலர் பண்டசாலைகளையும் பழைய தொழிற்சாலைகளையும் வாங்கி ஆலயங்களாகவும் மண்டபங்களாகவும் மாற்றி வருகின்றனர். கட்டடக் குழு கூடும்போது வாகனத் தரிப்பிடம், சமையலறை, வெப்பமூட்டும் வசதி எல்லாம் பேசப்படும். ஒலி பற்றிப் பேசப்படுவது குறைவு. பணம் முழுவதும் செலவான பின்னர் நடக்கும் முதற் சொற்பொழிவில்தான், பின்வரிசை முதியோருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பது தெரியவரும்.

மண்டபத்தில் எழும் ஒலி சுவர், கூரை, தரை என மோதித் திரும்பி, மெல்ல அடங்குகிறது. அந்த நேரத்தைக் கணக்கிட வழி கண்டவர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகப் பௌதிகவியல் ஆசிரியர் வாலஸ் சபின். அங்கு 1895இல் திறக்கப்பட்ட விரிவுரை மண்டபமொன்றில், பேசிய சொல் ஐந்து செக்கனுக்கு மேல் முழங்கியது. சபின் இரவு நேரங்களில் வேறோர் அரங்கின் ஆசன மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஓர்கன் குழாயை ஒலிக்கச் செய்து, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மண்டபத்தின் கன அளவு கூடினால் முழக்கம் நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் கூடினால் அது குறையும். இவ்விதி பொஸ்ரன் சிம்பொனி மண்டபத்தைத் திட்டமிடும் போதே பயன்பட்டது. 1900இல் திறக்கப்பட்ட அம்மண்டபம் இன்றும் உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்று.

ஆயினும் நிபுணரை ஒருமுறை அழைத்தால் மட்டும் போதாது. நியூயோர்க்கில் 1962இல் திறக்கப்பட்ட பில்ஹார்மொனிக் மண்டபத்திற்கு லியோ பெரனெக் என்னும் ஒலியியல் நிபுணர் இருந்தார். ஏறக்குறைய 2,400 ஆசனங்கள், பெட்டி போன்ற வடிவம் என்பது அவர் ஆலோசனை. பின்னர் ஆசனங்கள் 2,600க்கு மேலாயின, வடிவமும் மாறியது. திறந்த நாள் முதலே குறைகள் எழுந்தன. 1976இல் உட்புறம் முழுவதையும் இடித்துக் கட்டினர். 2022இல் 55 கோடி டொலர் செலவில், ஏறக்குறைய 2,200 ஆசனங்களுடன் மீண்டும் திறந்தனர்.

கணக்காளர் என்ற முறையில் நாம் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 20 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம், 6 மீற்றர் உயரமான மண்டபத்தின் கன அளவு 1,800 கன மீற்றர். இதனை 0.16 ஆல் பெருக்கினால் 288. சுவர், கூரை, தரை மொத்தம் 1,020 சதுர மீற்றர். வழுவழுப்பான ஓடும் சாந்தும் ஒலியில் நூற்றுக்கு நான்கு பங்கையே உறிஞ்சும் எனக் கொண்டால், உறிஞ்சும் அளவு 41. 288ஐ 41 ஆல் வகுக்க, முழக்கம் 7 செக்கன். நூற்றுக்கு எழுபது பங்கை உறிஞ்சும் பலகைகளை 300 சதுர மீற்றர் கூரையில் மட்டும் பதித்தால் உறிஞ்சும் அளவு 239 ஆகும், முழக்கம் 1.2 செக்கனாகக் குறையும். பேச்சு விளங்க ஏறத்தாழ ஒரு செக்கனே நன்று. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டுவதால் பயனில்லை. முழக்கமும் சேர்ந்தே கூடும்.

கூரை எப்படியும் போடத்தான் வேண்டும். வரைபடத்திலேயே தகுந்த பலகையைத் தெரிந்தால் மேலதிகச் செலவு சிறிது. பின்னர் என்றால் மின்விளக்கு, காற்றுக் குழாய் யாவற்றையும் கழற்ற வேண்டும்.

ஆகவே கட்டடக் கலைஞர், பொறியியலாளர், காற்றோட்ட வசதி செய்பவர், ஸ்தபதியார், குருக்கள் ஆகியோருடன் ஒலியியல் அறிந்தவரும் முதற் கூட்டத்திலேயே அமரட்டும். குவிந்த கூரை ஒலியை ஓரிடத்தில் குவிக்கும் என்பதை அவர் சொல்வார். விளக்கும் கற்பூரமும் எரியும் இடத்தில் தீப்பற்றாத பலகையே வேண்டும் என்பதைக் குருக்கள் நினைவூட்டுவார். மேளச் சத்தம் அயலவர் வீட்டுக்குச் செல்லாதிருக்கக் கதவும் சுவரும் எப்படி அமைய வேண்டும் என்பதையும் அன்றே தீர்மானிக்கலாம். பின்னர் திட்டத்தில் எம்மாற்றம் செய்தாலும், அவரிடம் மீண்டும் காட்டிய பின்னரே கையொப்பமிட வேண்டும்.

எம் பிள்ளைகள் தேவாரத்தையும் தமிழையும் காதால் கேட்டே பழகுகின்றனர். சொல் தெளிவாகக் கேட்காத மண்டபத்தில் அவர்கள் எதைக் கற்பது?