நாலு கிலோ தண்ணீர்

அன்புள்ள கண்ணு,

நர்சிங் தியரி வகுப்பில் தூக்கம் வருகிறது என்று எழுதியிருந்தாய். மார்த்தா ரோஜர்ஸ், ஜீன் வாட்சன் என்று பேர் பேராக மனப்பாடம் செய்கிறோமே, வார்டில் இதற்கெல்லாம் என்ன வேலை என்றும் கேட்டிருந்தாய். டயாலிசிஸ் பிரிவில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், கேள்.

சர்க்கரை நோயால் சிறுநீரகம் போனவர் அவர். வாரம் மூன்று தரம் வருவார், தரத்துக்கு நாலு மணி நேரம். இடைப்பட்ட நாட்களில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏற விடமாட்டார். அப்படிப்பட்டவர் திடீரென்று நாலு கிலோ ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். அடுத்த தரமும் அப்படியே. "தண்ணியைக் குறைங்கன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன். "நாக்கு ஒட்டிக்கிது சிஸ்டர்" என்று மட்டும் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த முகம் என்னை உறுத்தியது. அடுத்த முறை ஊசி போடுமுன், அவர் கையில் டயாலிசிஸுக்காக இணைத்த ரத்தக்குழாயான ஃபிஸ்டுலாவின் அதிர்வை விரலால் தொட்டுப் பார்த்தபடியே, "ராத்திரி தூங்குறீங்களா?" என்று கேட்டேன். மகள் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாளாம். விடிய விடிய விழித்துக் கிடக்கிறாராம். அந்தக் கலக்கத்தில் இன்சுலினும் சில வேளை விட்டுப்போயிருந்தது. சர்க்கரை பார்த்தால், 380.

கவலையில் சுரக்கும் கார்டிசாலும் அட்ரினலினும் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை ரத்தத்தில் இறக்கிவிடும். சர்க்கரை ஏறினால் தாகம் எடுக்கும். குடித்தது சிறுநீராகப் போக வழியில்லாதவருக்கு அது எடையாக ஏறும், நுரையீரலில் தேங்கும். மகள் பட்ட பாடு அப்பாவின் நெஞ்சில் நீராக நின்றது. நான் தண்ணீரை மட்டும் பார்த்தேன்.

நீ கேட்ட தியரிக்கு இங்கேதான் வேலை. 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸும் முதலில் நம்மைப்போல் நர்ஸ்தான். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, சமூகப் பணிக்குப் போய், பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி எங்கே என்று அவர் கேட்டதற்கு, ஒரு நோயாளி முதுகில் தொடங்கி, தன்னால் கணவரும் மகனும் சம்பளம் இழப்பார்களே என்பது வரை சொன்னாராம். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான், உடலும் மனமும் குடும்பக் கவலையும் சேர்ந்த 'முழு வலி' என்ற கருத்துக்கு அவர் வந்தார். நம் சங்கப் பாடல்களில் பிரிவுத் துயருக்கும் நோய் என்றுதான் பெயர்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. "எல்லாம் உங்க மனசுதான்" என்று யாரிடமும் சொல்லிவிடாதே. நோயாளி வலிக்கிறது என்றால் வலிக்கிறது. 1968-லேயே மார்கோ மெக்காஃபெரி என்ற நர்ஸ் இதை அழுத்திச் சொல்லிவிட்டார்.

டாக்டர் இன்சுலின் அளவை மாற்றி எழுதினார். மகளை ஒருநாள் கூட வரச்சொல்லி, அப்பா பக்கத்தில் உட்காரவைத்தேன். இடைப்பட்ட நாட்களில் ஏறும் எடை மூன்று கிலோவுக்கு இறங்கியிருக்கிறது. இரண்டுக்கு வர இன்னும் நாளாகும். எல்லார் முன்னாலும் திட்டியதால் மன்னிப்பையும் எல்லார் முன்னாலும்தான் கேட்டேன்.

உன் அத்தை