சிகாகோவில் காசு மிச்சம், வயிறு நிறைவு

சிகாகோ போனால் காலை 8 மணிக்கே மில்லேனியம் பூங்காவுக்குப் போய்விடுங்கள். மும்பையில் பிறந்த அனீஷ் கபூரின் ‘கிளவுட் கேட்’ சிற்பத்தைக் கூட்டமில்லாமல் பார்க்கலாம். வளைவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், உங்கள் உருவமே பலவாக நெளியும்! கட்டணம் கிடையாது. சாலையைக் கடந்தால் கல்சுரல் சென்டர்; 1897-இல் நூலகமாகத் திறந்த கட்டடம். உள்ளே டிஃபனி கண்ணாடிக் குவிமாடம், அதுவும் இலவசம். லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலையும் அப்படியே.

டீப் டிஷ் பீட்சா வேக முக்கால் மணி நேரம்கூட ஆகும். குழந்தைகள் பசியில் அழுவதற்கு முன்பே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். அடியில் சீஸ், மேலே தக்காளி சாஸ். ஆளுக்கு இரண்டு துண்டே தாராளம். சைவர்கள் கீரை வைத்ததைக் கேட்கலாம். நம்மூர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் டெவன் அவென்யூ. மெனு விலையில் வரி சேராது. டிப்ஸ் 18-20 சதவீதம் தனி.