கடன் வாங்காமல் பிரிட்டனில் படிக்கலாமா?

கேள்வி: பட்டம் முடித்து 3 ஆண்டுகளாக முழுநேர வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் எம்.எஸ்சி. படிக்க உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பிரிட்டன் அரசு 1983 முதல் வழங்கும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு முதுகலைப் படிப்புக்கான கட்டணம், மாதச் செலவு, விமானப் பயணம் எல்லாம் அதில் அடக்கம். 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள். உங்களிடம் அது தாராளமாகவே இருக்கிறது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டிய கட்டுரைகளுக்குத்தான் நேரம் ஒதுக்குங்கள். ‘நாட்டுக்குச் சேவை செய்வேன்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், நீங்கள் முன்னின்று முடித்த ஒரு வேலையை விரிவாகச் சொல்லுங்கள். படித்து முடித்ததும் தாய்நாடு திரும்பி 2 ஆண்டுகள் இருந்தாக வேண்டும். அதை வீட்டில் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள்.